கொடையும் கணக்கும்: தொண்டு நிறுவனங்களின் இணையத்தளங்கள் பற்றிய ஒரு நோக்கு

இலாபநோக்கற்ற நிறுவனம் ஒன்றின் இயக்கத்துக்கு இன்றியமையாதவை இரண்டு. ஒன்று அது ஆற்ற முனையும் பணி. மற்றையது அப்பணிக்கு வேண்டிய பொருள். பணி ஓரிடத்திலும் பொருள் பிறிதோரிடத்திலும் இருப்பதே பெரும்பாலும் நாம் காணும் நிலையாகும். இவ்விரண்டையும் இணைக்கும் பாலமாகக் கடந்த முப்பது ஆண்டுகளில் இணையத்தளம் வளர்ந்துள்ளது. முன்னர் துண்டுப்பிரசுரமும் பத்திரிகை விளம்பரமும் உண்டியற் குலுக்கலும் தனித்தனியே ஆற்றிய தொழிலை இன்று அது ஒருங்கே ஆற்றுகின்றது.

இத்தளங்களை எவ்வாறு அமைத்தால் கொடை பெருகும் என்பதை விளக்கும் கைந்நூல்கள் பல வெளிவந்துள்ளன. அவை யாவும் ஒரே வினாவிலிருந்து தொடங்குகின்றன: தளத்துக்கு வருபவரைக் கொடையாளராக மாற்றுவது எங்ஙனம்? இவ்வினா தவறானதென நாம் கருதவில்லை. பொருளின்றிப் பணி நடவாது. ஆயினும் இஃது ஒன்றே வினாவாகும்போது, யாருடைய பெயரால் பொருள் கேட்கப்படுகின்றதோ அவர் அத்தளத்தில் எந்நிலையில் நிறுத்தப்படுகின்றார் என்ற மற்றொரு வினா எழாமலே போய்விடுகின்றது. தொண்டு நிறுவனத்தின் இணையத்தளம் பொருள் சேர்க்கும் கருவியாக இருக்கும் அதேவேளை கணக்குரைக்கும் மன்றமாகவும் இருத்தல் வேண்டும் என்பதும், அக்கணக்கு கொடுப்பவருக்கு மட்டுமன்றிப் பெறுபவருக்கும் உரியது என்பதுமே இக்கட்டுரையில் நாம் நிறுவ முயலும் கருத்துகளாகும்.

பழைய மரபும் புதிய சாதனமும்

பலரிடமிருந்து சிறுகச் சிறுகப் பெற்றுப் பொதுக்காரியம் நடத்துதல் நமக்குப் புதியதன்று. பிடியரிசி சேர்த்துப் பாடசாலையும் கோயிலும் நடத்திய மரபு யாழ்ப்பாணக் கிராமங்களில் உண்டு. உலையிலிடும் அரிசியில் ஒரு பிடியை நாள்தோறும் எடுத்துத் தனியொரு பாத்திரத்தில் இட்டு வைப்பர். குறித்த நாளில் அதனைச் சேகரிப்போர் வீடு வீடாக வருவர். கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே ஊரவர். பாடசாலையின் கூரை வேயப்பட்டதா இல்லையா என்பதைக் கொடுத்தவர் தம் கண்ணாலேயே கண்டனர். கணக்கு ஏட்டில் இல்லாதபோதும் ஊரில் இருந்தது எனலாம்.

கொடையோடு பெயரும் சேர்ந்தே வருவதையும் நாம் அறிவோம். கோயிற் குழல்விளக்கிலே உபயகாரரின் பெயரை எழுதி, அவ்வெழுத்தே ஒளியை மறைத்து நிற்பதைக் கண்டு நகைத்திருக்கின்றோம். நகைப்புக்குரியதாயினும் இதிலொரு சமூக உண்மை உண்டு. கொடுப்பவர் தாம் கொடுத்தது அறியப்பட வேண்டும் என விரும்புகின்றார். அவ்விருப்பத்தை அறிந்தே கேட்பவரும் கேட்கின்றார்.

இவ்விருப்பத்தை அச்சு ஊடகம் பெருமளவிற் பயன்படுத்திய நிகழ்ச்சி ஒன்று 1885 இல் ஐக்கிய அமெரிக்காவில் நடைபெற்றது. பிரான்சிலிருந்து வரவிருந்த சுதந்திரச் சிலைக்குப் பீடம் அமைக்கப் பணம் போதவில்லை. செல்வந்தர்கள் கைவிரித்த நிலையில், ‘நியூயோர்க் வேர்ல்ட்’ பத்திரிகையின் உரிமையாளரான ஜோசப் புலிற்சர் அவ்வாண்டு மார்ச் மாதத்தில் தம் பத்திரிகை மூலம் பொதுமக்களிடம் நிதி கோரினார். எவ்வளவு சிறு தொகையாயினும் கொடுத்தவரின் பெயர் பத்திரிகையில் வெளியிடப்படும் என்றார். ஏறத்தாழ ஐந்து மாதங்களில் 1,20,000 இற்கு மேற்பட்டோர் 1,00,000 டொலருக்கு மேல் வழங்கினர். அவர்களிற் பெரும்பாலோர் கொடுத்தது ஒரு டொலருக்கும் குறைவான தொகையே. பீடம் எழுந்தது, பத்திரிகையின் விற்பனையும் உயர்ந்தது. ஏழைகளின் சதங்கள் ஒரு பொதுச்சின்னத்தை ஆக்கின என்பது உண்மை. அதே சதங்கள் ஒரு வணிக நிறுவனத்துக்கும் உரமாயின என்பதும் உண்மையே.

கோரிக்கை, பெயர், கணக்கு ஆகிய மூன்றும் பிடியரிசியிலும் புலிற்சரின் பத்திரிகையிலும் வெவ்வேறு அளவில் உள்ளன. இணையத்தளம் இவற்றின் விரைவையும் பரப்பையும் பன்மடங்காக்கியது. ஆனால் பிடியரிசி கொடுத்தவரின் கண்முன் இருந்த கூரையை அது தொலைவுக்குக் கொண்டு சென்றுவிட்டது. ரொறன்ரோவிலோ இலண்டனிலோ இருந்து கொடுப்பவர் அக்கூரையை நேரிற் காண்பதில்லை. தளம் காட்டும் கூரையையே காண்கின்றார். எனவே தளம் எதைக் காட்டுகின்றது, எதை விடுகின்றது என்பது அறவியற் பிரச்சினையாகிவிடுகின்றது.

தளம் இயங்கும் முறை

இப்பிரச்சினையை ஆராயுமுன் இத்தகைய தளம் எவ்வாறு பொருள் சேர்க்கின்றது என்பதைச் சுருக்கமாக நோக்குவோம். தேடுபொறி வழியாகவோ மின்னஞ்சல் வழியாகவோ சமூக ஊடகம் வழியாகவோ ஒருவர் அங்கு வந்து சேர்கின்றார். அவர் அங்கு தங்குவது பெரும்பாலும் சில கணங்களே. அக்கணங்களில் நிறுவனம் யாது செய்கின்றது என்பது அவருக்கு விளங்கல் வேண்டும். நம்பிக்கை பிறத்தல் வேண்டும். கொடுப்பதற்கான வழி கண்ணிற் படல் வேண்டும். எனவேதான் முகப்பில் ஒரு பெரிய நிழற்படமும், அதன் கீழ் ஒரு சிறு கதையும், எல்லாப் பக்கங்களிலும் தவறாது தோன்றும் நன்கொடைப் பொத்தானும் அமைக்கப்படுகின்றன.

பொத்தானை அழுத்தியவர் முன் தொகைகள் சில வரிசையாக வைக்கப்படும். அவற்றில் ஒன்று முன்கூட்டியே தெரிவு செய்யப்பட்டிருப்பதும் உண்டு. வெற்றிடத்தை நிரப்புவதிலும் வைக்கப்பட்ட தொகையை ஏற்பது எளிது என்பதே இதன் அடிப்படை. ‘இத்தொகை ஒரு பிள்ளையின் ஒரு மாத உணவு’ என்பது போன்ற குறிப்பு, பணத்தைப் பொருளாக மாற்றிக் காட்டுகின்றது. ஒருமுறை கொடுப்பதா, மாதந்தோறும் கொடுப்பதா என்ற வினாவும் அங்கேயே எழுப்பப்படும். மாதக்கொடை சிறிதாயினும் நிலையானது. அடுத்த ஆண்டின் வேலையைத் திட்டமிடுவதற்கு நிறுவனம் அதனையே நம்பியிருக்கும். கடனட்டை விபரங்களைப் பெறும் வேலையைப் பெரும்பாலும் வேறொரு கொடுப்பனவு நிறுவனம் செய்து, தன் கட்டணத்தைக் கழித்துக்கொள்ளும். படிவத்தின் கேள்விகள் கூடக்கூட இடைவழியில் விலகுவோரும் கூடுவர். கொடை முடிந்ததும் பற்றுச்சீட்டும் நன்றி மடலும் மின்னஞ்சலில் வரும். அன்றிலிருந்து அவருடைய முகவரி நிறுவனத்தின் பட்டியலில் இடம்பெறும். அடுத்த கோரிக்கை அவருக்கே முதலிற் செல்லும்.

துண்டுப்பிரசுரத்தால் இயலாத ஒன்றும் இங்கு இயல்கின்றது. வருபவரிற் பாதிப்பேருக்கு ஒரு வாசகத்தையும் மறுபாதிக்கு வேறொரு வாசகத்தையும் காட்டி, எதனால் அதிக பணம் வந்தது என்பதைக் கணத்துக்குக் கணம் அளக்கலாம். விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா நிறுவனம் இம்முறையை நன்கு கையாளுவதாகும். விளம்பரங்களை ஏற்காத அந்நிறுவனத்துக்கு 2022–23 நிதியாண்டில் எழுபது இலட்சத்துக்கு மேற்பட்டோர் கொடை வழங்கினர். சிறு தொகைகளால் ஒரு பெரும் அறிவுச் சாதனத்தைத் தாங்க முடியும் என்பதற்கு இது தக்க சான்று. ஆனால் 2022 நவம்பரில் ஆங்கில விக்கிப்பீடியாவில் ஊதியமின்றி எழுதிவரும் தொண்டர்களே நிறுவனத்தின் கோரிக்கை வாசகங்களை எதிர்த்தனர். நிறுவனத்தின் நிதிநிலை நெருக்கடியில் இருப்பதாக வாசகர் எண்ணும்படி அவை அமைந்துள்ளன என்பது அவர்களின் வாதம். விவாதத்தின் பின் வாசகங்கள் மாற்றப்பட்டன. பணம் தரும் வாசகமும் உண்மை கூறும் வாசகமும் எப்பொழுதும் ஒன்றாக இருப்பதில்லை என்பதை இது காட்டுகின்றது. அளவுகோல் பணம் ஒன்றே எனின், சோதனையில் வெல்வது எது என்பதற்கு விடை முன்பே தெரிந்ததாகும்.

ஒற்றை முகத்தின் ஈர்ப்பு

இம்முரண்பாட்டை மேலும் தெளிவாகக் காட்டும் ஆய்வொன்றை டெபோரா ஸ்மோல், ஜோர்ஜ் லோவன்ஸ்ரைன், போல் ஸ்லோவிக் ஆகியோர் 2007 இல் வெளியிட்டனர். ஆய்வில் பங்குபற்றியோருக்கு ஐந்து டொலர் வழங்கப்பட்டு, அதிலிருந்து விரும்பிய தொகையை ஆபிரிக்க நாடுகளின் பசிப்பிணி தீர்க்கக் கொடுக்கலாம் எனக் கூறப்பட்டது. ஒரு பகுதியினருக்கு மாலி நாட்டின் ரோக்கியா என்னும் ஏழு வயதுச் சிறுமியின் கதை மட்டும் தரப்பட்டது. அவர்கள் சராசரியாக 2.38 டொலர் கொடுத்தனர். இன்னொரு பகுதியினருக்கு இலட்சக்கணக்கானோர் பட்டினியால் வாடுவதைக் கூறும் புள்ளிவிபரம் மட்டும் தரப்பட்டது. அவர்கள் கொடுத்தது 1.14 டொலர். சிறுமியின் கதையோடு புள்ளிவிபரத்தையும் சேர்த்துக் கொடுத்தபோது கொடை 1.43 டொலராக இருந்தது. உண்மை கூடியபோது கொடை குறைந்தது.

தளங்களின் முகப்பில் ஒற்றை முகம் ஏன் நிற்கின்றது என்பதற்கு இவ்வாய்வு விடை தருகின்றது. ஆனால் அம்முகம் நிற்பதனால் விளைவது யாது என்பதும் ஆராயப்படல் வேண்டும். ஒரு பிள்ளை பசித்திருக்கின்றது என்பது காட்டப்படுகின்றது. அது ஏன் பசித்திருக்கின்றது என்பது காட்டப்படுவதில்லை. நிலவுடைமை, கூலி, விலை, போர், கடன் ஆகியன படத்துக்கு வெளியே நிற்கின்றன. பிள்ளையின் பெற்றோரும் அயலாரும், அவர்கள் தம் நிலையை மாற்றச் செய்யும் முயற்சிகளும் அங்ஙனமே. எஞ்சுவது ஏந்திய கை ஒன்றும், அதற்கு இடும் கை ஒன்றும் மட்டுமே. வறுமை வரலாற்றிலிருந்து பிரிக்கப்பட்டு ஒரு விதிபோலத் தோற்றமளிக்கின்றது.

இவ்விமர்சனம் இணையத்துக்கு முற்பட்டது. டென்மார்க்கைச் சேர்ந்த ஜோர்கன் லிஸ்னர் 1981 இலேயே, பட்டினியால் மெலிந்த பிள்ளையின் உடலை நிதி சேர்ப்பதற்காகக் காட்சிப்படுத்துவதை மனித மாண்புக்கு இழுக்கு எனக் கண்டித்து எழுதினார். 1989 இல் ஐரோப்பிய அரசசார்பற்ற நிறுவனங்களின் பேரவை, மூன்றாம் உலகு பற்றிய படங்களுக்கும் செய்திகளுக்குமான ஒழுக்கக்கோவை ஒன்றை ஏற்றுக்கொண்டது. சுவரொட்டி சில மாதங்களில் கிழிந்துபோகும். இணையத்தில் ஏறிய படமோ நீங்குவதில்லை. புத்தகப்பையைப் பெறும் நிலையில் எட்டு வயதிற் படமெடுக்கப்பட்ட பிள்ளை, பத்தாண்டின் பின் பல்கலைக்கழகம் புகும்போதும் அப்படம் தேடுபொறியில் நின்றுகொண்டிருக்கும். அன்று அப்பிள்ளையிடமும் பெற்றோரிடமும் கேட்டுப் பெற்ற சம்மதம் எத்தகையது? உதவியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கும்போது மறுப்பதற்கு அவர்களுக்கு இடமிருந்ததா? இவ்வினாக்களை எழுப்பாத தளம் கொடையாளரை மட்டுமே மனிதராக மதிக்கின்றது எனல் பொருந்தும்.

2004 டிசெம்பரும் அதன் படிப்பினையும்

இவை வெறும் கோட்பாட்டு வினாக்கள் அல்ல என்பதை நம் நாட்டுக் கரையோரம் கண்டது. 2004 டிசெம்பர் 26 இல் நிகழ்ந்த கடற்கோள் இலங்கையில் மட்டும் 35,000 இற்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. உலகெங்கும் மக்கள் உள்ளம் உருகிக் கொடுத்தனர். இணையத்தின் வழியே அத்துணைப் பெரும் தொகை அத்துணை விரைவிற் சேர்ந்தது அதற்கு முன் காணப்படாததாகும். பிரித்தானியாவில் முன்னணி உதவி நிறுவனங்கள் ஒன்றிணைந்து இயக்கும் பேரிடர் அவசரகாலக் குழுவின் இணையத்தளம், 2004 இன் இறுதி நாள்களில் 24 மணி நேரத்துள் ஒரு கோடிப் பவுணுக்கு மேல் பெற்றது. அக்குழுவுக்கு மொத்தமாக ஏறத்தாழ 39 கோடிப் பவுண் சேர்ந்தது.

இவ்வெள்ளத்தின் நடுவே எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு வியப்புக்குரிய செயலொன்றைச் செய்தது. கடற்கோள் நிகழ்ந்து பத்து நாள்கள் கழியுமுன்னரே, 2005 ஜனவரி முதல் வாரத்தில், தான் அப்பிரதேசத்தில் ஆற்றக்கூடிய மருத்துவப் பணிக்குப் போதிய பணம் கிடைத்துவிட்டது எனவும், கடற்கோளுக்கென்று இனிப் பணம் அனுப்ப வேண்டாம் எனவும் அறிவித்தது. அவ்வமைப்புக்கு இறுதியில் வந்த தொகை ஏறத்தாழ 11 கோடி யூரோ. தேவைப்பட்டது அதன் ஒரு சிறு பகுதியே. மேலதிகப் பணத்தை வேறு அவலங்களுக்குப் பயன்படுத்தலாமா எனக் கொடையாளரிடம் அது எழுதிக் கேட்டது. மிகப் பெரும்பாலோர் இசைந்தனர். பணத்தைத் திருப்பிக் கேட்டோர் நூற்றுக்கு ஒருவர் அளவினரே. மக்களின் கொடையூக்கத்தை இவ்வறிவிப்புக் குலைத்துவிடும் எனப் பிரான்சின் பிற உதவி நிறுவனங்கள் சில அன்று கண்டித்தன. ஆனால் நடந்தது வேறு. உண்மையைக் கூறிக் கேட்டபோது கொடையாளர் அதனை விளங்கிக்கொண்டனர். கொடையாளர் உணர்ச்சியால் மட்டுமே இயங்குபவர், அவரிடம் நியாயம் பேசலாகாது என்ற எண்ணம் இங்கு பொய்த்தது.

மறுபுறத்தில் நிகழ்ந்தவற்றையும் நோக்குதல் வேண்டும். சுனாமி மதிப்பீட்டுக் கூட்டமைப்பு 2006 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, கடற்கோளுக்கென உலகெங்கும் வழங்கப்பட்டதும் உறுதியளிக்கப்பட்டதுமான உதவி ஏறத்தாழ 13.5 பில்லியன் டொலர், அதில் 5.5 பில்லியன் தனியார் கொடை. பாதிக்கப்பட்டவர் ஒருவருக்கு 7,100 டொலருக்கு மேல் என இது அமைந்தது. அதே 2004 இல் பங்களாதேசத்தில் வெள்ளத்தாற் பாதிக்கப்பட்டவருக்குக் கிடைத்ததோ தலைக்கு 3 டொலர். துன்பத்தின் அளவுக்கும் உதவியின் அளவுக்கும் இடையே நேர் விகிதம் இல்லை. காட்சிக்கும் உதவிக்கும் இடையிலேயே அவ்விகிதம் காணப்பட்டது.

இம்முரண்பாடு நம் நாட்டினுள்ளும் தோன்றியது. வடக்கிலும் கிழக்கிலும் போரினால் இடம்பெயர்ந்து ஆண்டுக்கணக்காக நலன்புரி நிலையங்களில் வாழ்ந்தவர்களுக்கு அருகிலேயே கடற்கோளால் இடம்பெயர்ந்தவர்களுக்குப் புதிய வீடுகள் எழுந்தன. வீடிழந்தமை இரு சாராருக்கும் ஒன்றே. ஆனால் பணம் கடற்கோளின் பெயரால் வந்தது. அப்பெயர் இல்லாதவர் பட்டியலில் இல்லை. அங்ஙனமே மீன்பிடிச் சமூகங்களுக்குச் சிறு வள்ளங்கள் தேவைக்கு அதிகமாக வழங்கப்பட்டமையையும், அவற்றுட் சில கடலுக்கு ஒவ்வாதவையாக இருந்தமையையும் மதிப்பீட்டு அறிக்கைகள் பதிவு செய்துள்ளன. வள்ளம் படத்தில் அழகாகத் தோன்றும். அதன் பக்கத்திற் கொடையாளரின் பெயரையும் எழுதலாம். வள்ளமே இல்லாத கூலி மீனவர், மீன் உலர்த்தி விற்ற பெண்கள் ஆகியோரின் இழப்பை அவ்வாறு ஒரே படத்திற் காட்ட இயலாது. குழல்விளக்கில் எழுதிய பெயர் ஒளியை மறைத்தமை போன்றதே இதுவும்.

மறைக்கப்படும் இடைநிலை

தளம் மறைக்கும் மற்றொன்று இடையில் நிற்போரின் உழைப்பாகும். இதற்குக் கீவா என்னும் அமைப்பின் தளம் நல்ல உதாரணம். 2005 இல் தொடங்கப்பட்ட அத்தளத்தில், வறிய நாடுகளின் சிறு தொழில் முயற்சியாளர்களின் படங்களும் கதைகளும் இருக்கும். பார்ப்பவர் ஒருவரைத் தெரிந்து 25 டொலரளவில் வட்டியில்லாக் கடன் வழங்கலாம். தாம் தெரிந்த தையற்காரிக்கே தம் பணம் செல்கின்றது என்ற உணர்வே அத்தளத்தின் பெரும் ஈர்ப்பு. 2009 ஒக்ரோபரில் டேவிட் றூட்மன் என்னும் ஆய்வாளர், பெரும்பாலான சந்தர்ப்பங்களில் படம் தளத்தில் ஏறுமுன்னரே அக்கடன் உள்ளூர் நுண்கடன் நிறுவனத்தால் வழங்கப்பட்டுவிடுகின்றது என்பதை எடுத்துக்காட்டினார். தளத்தினூடாக வரும் பணம் உண்மையிற் செல்வது அந்நிறுவனத்துக்கே. கடனாளியிடமிருந்து வட்டி அறவிடுவதும் அந்நிறுவனமே. இதன் பின் கீவா தன் விளக்கத்தையும் வாசகங்களையும் மாற்றி அமைத்தது.

கீவாவின் செயல்முறை பகுத்தறிவுக்கு ஒவ்வாததன்று என்பதைக் கூறல் வேண்டும். இலண்டனில் ஒருவர் பொத்தானை அழுத்தும் வரை ஒரு தையற்காரியைக் காத்திருக்க வைப்பது கொடுமையாகும். முன்னரே கடன் வழங்குதல்தான் சரி. ஆயின் சரியான செயலை மறைத்து, கவர்ச்சியான ஒன்றை ஏன் தளம் காட்ட வேண்டியிருந்தது? கொடையாளர் இடைநிலையை விரும்புவதில்லை என்ற கணிப்பே காரணம். அவர் நேரடி உறவை விரும்புகின்றார். தளம் அதன் தோற்றத்தை விற்கின்றது.

இதன் இன்னொரு வடிவமே நிர்வாகச் செலவு பற்றிய கூற்று. ‘உங்கள் பணம் முழுவதும் பயனாளிக்கே’ என்ற வாசகத்தைப் பல தளங்களில் நாம் காண்கின்றோம். ஆனால் கணக்காளர், களப்பணியாளர், வாகனம், கணக்காய்வு இவை எதுவுமின்றிப் பணி நடைபெறுவதில்லை. அச்செலவை வேறு யாரோ ஏற்கின்றனர், அல்லது குறைந்த ஊதியத்தில் உழைக்கும் பணியாளர் ஏற்கின்றனர். தொண்டு நிறுவனங்களை மதிப்பிட்டு வந்த அமெரிக்க அமைப்புகள் மூன்று 2013 இல் ஒன்றுசேர்ந்து, நிர்வாகச் செலவின் விகிதத்தை மட்டும் கொண்டு நிறுவனங்களை அளவிட வேண்டாம் எனக் கொடையாளருக்குப் பகிரங்க மடல் எழுதின. அவ்வளவுகோல் பரவுவதற்குத் தாமும் ஓரளவு காரணமாக இருந்த அமைப்புகளே இதனைக் கூறின என்பது கருதத்தக்கது. செலவை மறைக்கும் தளத்தைவிட, செலவைக் காட்டி அதற்கு நியாயம் கூறும் தளமே நம்பிக்கைக்குரியது.

நம் சூழலில் ஓர் எடுத்துக்காட்டு

நம் ஊர்களிலுள்ள பாடசாலைகளும் சனசமூக நிலையங்களும் சிறு தொண்டமைப்புகளும் இன்று பெரிதும் வெளிநாடு வாழ் உறவுகளையும் பழைய மாணவர் சங்கங்களையும் நம்பியுள்ளன. அவற்றுக்கு இணையத்தளம் ஆடம்பரப் பொருளன்று. ஆயினும் பெருநிறுவனங்களின் கைந்நூலைப் பின்பற்றி, பையையும் துவிச்சக்கர வண்டியையும் பெற்றுக்கொண்டு வரிசையில் நிற்கும் பிள்ளைகளின் படங்களை அடுக்குவதே தளமமைத்தல் என்ற எண்ணம் பரவியுள்ளது. இதற்கு மாறான வழியும் நம்மிடையே உண்டு.

2005 இல் தன்னார்வலர்களால் தொடங்கப்பட்ட ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகத்தை எண்ணிப் பார்க்கலாம். 1981 இல் எரியூட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவ்வழிவின் நினைவு நெஞ்சில் நிற்கும் சமூகத்திடம் அந்நினைவைக் காட்டியே பணம் கேட்பது எளிது. ஆனால் நூலகத்தின் தளத்துக்குச் செல்பவர் காண்பது ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் பத்திரிகைகளும் சிறுபிரசுரங்களுமேயாகும். அவை வகைப்படுத்தப்பட்டு, எத்துணை ஆவணங்கள் ஏற்றப்பட்டன என்ற தொகையுடன், எவரும் கட்டணமின்றிப் படிக்கும் நிலையில் உள்ளன. கொடையால் ஆனது யாது என்பதை நிறுவனம் சொல்லித்தான் கொடையாளர் அறிய வேண்டும் என்பதில்லை. அவரே ஒரு பக்கத்தைத் திறந்து படிக்கலாம். கொடுக்க இயலாத மாணவரும் அதே பக்கத்தைத் திறந்து படிக்கலாம். கொடுப்பவரும் பெறுபவரும் ஒரே வாயிலால் நுழைகின்றனர். பிடியரிசி கொடுத்தவர் கண்முன் இருந்த கூரை இங்கு மீண்டும் கண்முன் வந்துவிடுகின்றது.

எல்லாத் தொண்டுகளையும் இவ்வாறு இணையத்தில் வைத்துவிட முடியாது என்பது மெய்யே. கிணறு கிராமத்தில் இருக்கும்; மருந்து நோயாளியிடம் செல்லும். ஆயினும் கூரை தொலைவில் இருக்கும்போது அதனைக் காண்பதற்கான வழிகளைத் தளம் அமைத்துத் தரலாம். அவ்வழிகளாக நாம் கருதுவன வருமாறு.

முதலாவது, கணக்காய்வு செய்யப்பட்ட வரவு செலவும் ஐந்தொகையும் ஆண்டுதோறும் தளத்தில் வெளிவரல் வேண்டும். இங்கிலாந்துக்கும் வேல்சுக்குமான அறக்கொடை ஆணையகம் பதிவுபெற்ற நிறுவனங்களின் வருமானத்தையும் செலவையும் தன் தளத்திலேயே வெளியிடுகின்றது. நம் நாட்டில் தன்னார்வ சமூகசேவை அமைப்புகளைப் பதிவு செய்து மேற்பார்வை செய்வதற்கான 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கச் சட்டம் உண்டு. ஆனால் அரசுக்குச் சமர்ப்பிக்கும் கணக்கு வேறு. மக்கள் முன் வைக்கும் கணக்கு வேறு. முன்னையது கட்டுப்பாட்டுக்கு உரியது. பின்னையது நம்பிக்கைக்கு உரியது.

இரண்டாவது, அக்கணக்கு பணி நடைபெறும் இடத்து மக்களின் மொழியிலும் இருத்தல் வேண்டும். கிளிநொச்சியிற் செலவிட்ட பணத்தின் கணக்கு ஆங்கிலத்தில் மட்டும் இருப்பின், அது கொடையாளருக்கு எழுதப்பட்ட கடிதமேயன்றி மக்களுக்கு உரைத்த கணக்கன்று. தம் ஊரின் பெயரால் எவ்வளவு பணம் பெறப்பட்டது என்பதை அறியும் உரிமை அவ்வூரவருக்கு உண்டு. தளத்தில் எழுதியது தவறெனின் அதனை மறுத்துரைக்கவும் அவர்களுக்கு இடமிருத்தல் வேண்டும்.

மூன்றாவது, பெறுபவர் தம் சொல்லாற் பேசுதல் வேண்டும். வறியவர்களுக்கு நேரடியாகப் பணம் வழங்கும் கிவ்டைரெக்ட்லி நிறுவனம், பெற்றவர்களின் கூற்றுகளைத் திருத்தாமல் வெளியிடும் முறையொன்றைக் கடந்த பத்தாண்டில் மேற்கொண்டது. அக்கூற்றுகளில் நன்றியும் இருந்தது, குறையும் இருந்தது. குறையை வெளியிடுவதால் நிறுவனத்தின் மதிப்புக் கெடும் என அஞ்சுவோர் பலர். குறையே இல்லாத தொண்டை யாரும் நம்புவதில்லை என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

நான்காவது, போதும் என்று கூறும் துணிவு. குறித்த தேவைக்குக் குறித்த தொகை சேர்ந்ததும் அதனை அறிவித்தலும், எஞ்சியதை எதற்குச் செலவிடலாம் எனக் கேட்டலும் கொடையாளரை வாடிக்கையாளர் நிலையிலிருந்து உயர்த்திப் பொதுக்காரியத்தின் பங்காளி ஆக்குகின்றன.

முடிவாக

இவ்வாறு அமையும் தளத்துக்குப் பணம் சற்றுக் குறைவாக வரக்கூடும் என்பதை நாம் மறுக்கவில்லை. 2.38 டொலருக்கும் 1.43 டொலருக்கும் இடையிலான வேறுபாடு மெய்யானது; அவ்வேறுபாட்டில் உண்மையான பசியும் உண்மையான மருந்தும் அடங்கியுள்ளன. இன்றைக்குக் கஞ்சி வேண்டி நிற்பவரிடம் படத்தின் அரசியலைப் பேசிப் பயனில்லை எனச் சிலர் வாதிடலாம். இவ்வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் ஒவ்வொரு முறையும் உண்மையைக் குறைத்துப் பணத்தைக் கூட்டும் நிறுவனம், நாளடைவில் தன் பணியையும் படத்துக்கு ஏற்பவே அமைக்கத் தொடங்கும். தேவை இருக்கும் இடத்துக்குச் செல்லாது, படம் கிடைக்கும் இடத்துக்குச் செல்லும். நம் கரையோரத்தில் மிகுந்து கிடந்த வள்ளங்களும், அருகிலேயே கூரையின்றி இருந்த போர் அகதிகளும் இதற்குச் சாட்சிகள். குறைவாக வந்த பணம் சேர வேண்டிய இடத்தைச் சேருமாயின், மிகுதியாக வந்து திசைமாறிய பணத்தைவிட அது பெரிது.

ஆகவே தளம் ஒன்றை அமைக்கப்புகும் நிறுவனம், வருபவரிடம் எவ்வாறு கேட்பது என்ற வினாவோடு இன்னொன்றையும் தன்னிடமே கேட்டுக்கொள்ளுதல் வேண்டும்: நம் பணியால் உதவி பெற்ற ஒருவர் இத்தளத்தைத் திறந்து, தம்மைப் பற்றி எழுதியிருப்பதை முழுவதும் படித்தால், தலைநிமிர்ந்து இருப்பாரா, தலைகுனிவாரா? அவர் தலைநிமிர்ந்து படிக்கக்கூடிய தளமே கொடுப்பவரின் நம்பிக்கைக்கும் தகுதியுடையதாகும்.